முகம் கொடுத்தவர்கள்: ஓவியர் பதில்கள்

38 ஆண்டுகளாக மனித முகங்களை மட்டுமே வரைந்துவரும் ஓவியர் ஒருவரிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும், அவர் எழுதி அனுப்பிய பதில்களும்.

நீங்கள் முதன்முதலில் வரைந்த முகம் யாருடையது?
*பள்ளி மாணவி ஒருவர்*

என் அப்பாவுடையது. அவருக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் பிற்பகல்வரை தூங்குவார். விடுமுறை நாட்களில் "சத்தம் போடாதே" என்பதுதான் எனக்கு வீட்டில் இருந்த ஒரே கட்டளை. சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலையாக வரைவது அமைந்தது. அப்போது எனக்கு 11 வயது. பழைய கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில், கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவருடைய தலையைப் பென்சிலால் வரைந்துகொண்டே இருப்பேன்.

தூங்குகிறவர் அசையமாட்டார் என்று நினைப்போம். ஆனால் பாதிப் படத்தில் புரண்டுவிடுவார். ஒரு தாளில் காது மட்டும், இன்னொன்றில் மூக்கும் ஒரு கன்னமும் என்று அரைகுறைப் படங்களாகவே சேர்ந்தன. இருந்தும் நான் படித்த படிப்பிலேயே பெரிய படிப்பு அதுதான். தூங்கும் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நம்மை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கண்கள் மூடியிருக்கும். மிஞ்சுவது எலும்பு. கன்ன எலும்பு எந்த இடத்தில் திரும்புகிறது, தாடை கழுத்தோடு எங்கே சேர்கிறது, கண்குழிக்குள் வெளிச்சம் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதையெல்லாம் அப்பாவின் முகத்தில்தான் கற்றேன்.

ஒருநாள் கண் விழித்தவர் என்னையும் மடியிலிருந்த தாளையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததே இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

வரையத் தூண்டும் உணர்வு உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? அது வரும்வரை காத்திருப்பீர்களா?
*கவிதை எழுதும் வாசகர்*

காத்திருக்க முடியாது. எட்டு மணிக்கு ஒருவரை வரச் சொல்லியிருப்பேன், அவர் வந்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு மனம் கூடவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பும் உரிமை எனக்கு இல்லை.

முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தோன்றாது. எல்லோரும் போட்டோவுக்கு வைத்துக்கொள்ளும் முகத்தோடுதான் வருவார்கள். முகவாயைச் சற்றுத் தூக்கி, உதட்டை இறுக்கி, கண்ணை அகலமாக்கி உட்காருவார்கள். அந்த முகத்தை ஒரு மணி நேரம் தாங்கிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. இரண்டாம் நாள் கொஞ்சம் கழன்றுவிடும். மூன்றாம் நாள், பேச்சு ஓய்ந்து அவர் தன் பாட்டுக்கு எதையோ நினைக்கத் தொடங்கும்போது, எனக்கான வேலை ஆரம்பமாகும்.

பல ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி வந்தார். நேராகத்தான் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் தலை இடப்பக்கம் சாய்ந்துவிடும். நிமிர்த்துவார், மறுபடி சாயும். முதல் இரண்டு அமர்விலும் அதை ஒரு தொந்தரவாகவே நினைத்தேன். கழுத்தைச் சரிசெய்து சரிசெய்து அழித்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: கைகள் இரண்டும் வேலையாக இருக்க, ரிசீவரை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இத்தனை வருடம் யார் யாருடைய குரலையோ கேட்டிருக்கிறார். அந்தச் சாய்வுதான் அவர். கழுத்தை முழுவதுமாகச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைந்தேன். அன்று என் கை ஓடிய வேகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவரிடமிருந்துதான் எனக்கு எல்லாம் வருகிறது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோவது ஒன்றுமில்லை.

வான்கோவை நினைத்துக்கொள்வேன். மாடல்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கண்ணாடியில் தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தவர். 1888-ல் ஆர்ல் நகரத்தில் ரூலன் என்ற அஞ்சல் ஊழியரோடு பழக்கமாகிறது. அவர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று அந்த ஒரே குடும்பத்தை 20-க்கும் மேற்பட்ட படங்களில் வரைந்தார். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. பக்கத்தில் இருந்த, முகம் கொடுத்த ஒரு குடும்பம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பழைய படங்களும் எனக்கு உண்டு. எகிப்தில் ஃபயூம் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் கிடைத்த மம்மி ஓவியங்கள், ரோமானியர் ஆட்சிக் காலத்தவை. மரப்பலகையில் உருக்கிய மெழுகு வண்ணத்தால் வரைந்து, இறந்தவரின் முகத்துக்கு நேராக, உடலைச் சுற்றிய துணியில் பொருத்திப் புதைத்திருக்கிறார்கள். சுமார் 1,900 ஆண்டுகள் ஆகின்றன. வரைந்தவர் பெயர் தெரியாது, பல படங்களில் வரையப்பட்டவர் பெயரும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெரிய கண்களைப் பார்த்தால் நேற்று நம்மிடம் பேசிவிட்டுப் போனவர் மாதிரி இருக்கும். வேலை ஓடாத நாட்களில் அவற்றைப் பார்த்துத் தாளில் பிரதி எடுப்பேன்.

அச்சு அசலாக அவரே என்று சொல்லும்படி ஒரு முகம் எப்படி அமைகிறது? கண்ணிலிருந்து தொடங்குவீர்களா?
*ஓவியம் பழகிவரும் வாசகர்*

கண்ணில் தொடங்காதீர்கள். கண் அழகாக வந்துவிட்டால் அதை அழிக்க மனம் வராது. அது தப்பான இடத்தில் இருந்தாலும் மீதி முகத்தை அதற்கேற்ப வளைத்துவிடுவீர்கள்.

நம் மொழியில் முகத்துக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன, என் மாணவர்களுக்கு அவற்றை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். முகவெட்டு, ஜாடை, களை. முகவெட்டு என்பது எலும்பும் அதன் விகிதமும். ஜாடை, அம்மாவிடமிருந்தும் தாத்தாவிடமிருந்தும் வந்து சேர்ந்தது. களை என்பது இந்த நிமிடம் அந்த முகத்தில் இருக்கும் உயிர். நம்மில் பலர் களையை முதலிலேயே பிடிக்கப் பார்க்கிறோம். முகவெட்டு சரியாக விழாத படத்தில் களை வந்து உட்கார இடமே இருக்காது.

ஆகவே முதலில் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கினால் இமைமுடி, தோல்வரி எல்லாம் மறைந்து, வெளிச்சம் ஒரு வடிவமாகவும் நிழல் ஒரு வடிவமாகவும் பிரியும். அந்த இரண்டு வடிவங்களைத் தாளில் சரியாக வைத்தாலே, கண்ணும் மூக்கும் இல்லாமலே தெரிந்தவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தெருவில் தூரத்தில் வருகிறவரின் மூக்கும் வாயும் தெரிவதற்கு முன்பே அவரை நாம் கண்டுகொள்வதில்லையா? அதே கணக்குதான்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கண்ணை மிக மேலே வைப்பது. உச்சந்தலையிலிருந்து முகவாய்வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழ நடுவில் இருக்கும். நெற்றியில் பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் அதைச் சுருக்கிவிடுகிறது. இன்னொன்று, கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. மேலிமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, அது உருண்டையாகவும் இருக்கிறது. குழாயிலிருந்து எடுத்த வெள்ளையை அப்படியே வைத்தால் ஆள் திடுக்கிட்டுப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

வாய்தான் கடைசிவரை படுத்தும். உதட்டின் நடுப்பகுதி அல்ல, இரண்டு ஓரங்கள். ஓரத்தில் ஒரு நூலளவு மாறினால் சாந்தமானவர் ஏளனம் செய்கிறவராகிவிடுவார். "வாயில் ஏதோ சரியில்லாத படத்துக்குப் பெயர்தான் போர்ட்ரெய்ட்" என்ற பொருளில் ஜான் சிங்கர் சார்ஜென்ட் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது. அவ்வளவு பெரிய கையே அப்படிச் சொல்லியிருக்கிறது என்று நினைத்து ஆறுதல் அடைந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் ஆணியில் ஒரு கண்ணாடி தொங்குகிறது. அரை மணிக்கு ஒருமுறை திரும்பி அதில் என் படத்தைப் பார்ப்பேன். இடம் வலம் மாறித் தெரியும்போது, கண் பழகிப்போய் மறைத்த கோணல்களெல்லாம் வெளியே வந்துவிடும்.

போட்டோவைப் பார்த்து வரைவது தவறா?
*இளம் ஓவியர்*

தவறில்லை. இறந்துபோனவர்களை வேறெப்படி வரைய முடியும்? அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். அவர்களை நான் திருப்பி அனுப்பியதில்லை.

ஆனால் போட்டோ எதைச் சொல்லாமல் விடும் என்று தெரிந்திருக்க வேண்டும். மிக அருகிலிருந்து எடுத்தால் மூக்கைப் பெரிதாக்கிக் காதைப் பின்னுக்குத் தள்ளும். நம் கண்ணுக்கு நிழலுக்குள்ளே தெரியும் சிவப்பையும் பச்சையையும் அது ஒரே கறுப்பாக்கிவிடும். எல்லாவற்றையும்விட, அது ஒரு நொடியின் துண்டு. உங்கள் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவரின் முகத்தில் நீங்கள் வரைவது அந்த மூன்று மணி நேரத்தின் சேர்மானம். இரண்டும் வேறு வேறு.

1538-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, தனக்குப் பெண் பார்த்து வரைந்துவர ஹான்ஸ் ஹோல்பைனை பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அனுப்பினார். டென்மார்க் இளவரசி கிறிஸ்டினா ஹோல்பைனுக்கு முன் இருந்தது வெறும் மூன்று மணி நேரம். அப்போது எடுத்த கோட்டுப்படத்தை வைத்து, பிறகு ஆளுயர ஓவியம் ஒன்றை முடித்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மூன்று மணி நேரம் கருத்தாகப் பார்த்த கண் எவ்வளவு சேர்த்துவைத்துக்கொள்ளும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. நீங்களும் போட்டோவுக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது நேரில் உட்கார வைத்து வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோடு மோசமாக இருந்தாலும் பிறகு கைகொடுக்கும்.

ஒருவர் எத்தனை முறை வந்து உட்கார வேண்டியிருக்கும்?
*இல்லத்தரசி*

என்னிடம் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். 20 நிமிடத்துக்கு ஒரு மணியடிப்பான் வைத்திருக்கிறேன். அடித்ததும் எழுந்து ஐந்து நிமிடம் நடக்கச் சொல்வேன். திரும்பி வந்தால் பாதம் அதே இடத்துக்கு வரவேண்டும் என்பதற்காகத் தரையில் சாக்பீஸ் கோடு, கை வைக்கும் இடத்தில் நாற்காலியில் ஒட்டுநாடா.

இதெல்லாம் குறைவு. 1899-ல் பால் செசான் தன் ஓவிய வணிகர் வொல்லாரை 115 முறை உட்கார வைத்தார் என்று வொல்லாரே பதிவுசெய்திருக்கிறார். அத்தனைக்குப் பிறகும் படத்தை முடிக்காமல் விட்டுவிட்டு, சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்றாராம். லூசியன் ஃபிராய்டு வரைந்தபோது டேவிட் ஹாக்னி 100 மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். ஹாக்னியும் ஓவியர், அதனால் அந்தப் பொறுமை இருந்தது. பிக்காசோ கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1906-ல் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனை எண்பது தொண்ணூறு முறை உட்கார வைத்துவிட்டு, "பார்த்தால் தெரியவே மாட்டேன் என்கிறது" என்று தலையை முழுவதும் அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் அவரை உட்கார வைக்காமலே நினைவிலிருந்து முகத்தை எழுதி முடித்தார். பார்த்துப் பார்த்துக் கண் அடைத்துப்போவது எனக்கும் நடக்கும். அப்போது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி இரண்டு வாரம் வைத்துவிடுவேன்.

தோல் நிறத்துக்கு என்ன வண்ணம் கலப்பது? கடையில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு குழாய் கிடைக்கிறதே?
*வண்ணத்தில் தடுமாறும் வாசகர்*

அந்தக் குழாயை வாங்காதீர்கள். ஒரே முகத்தில் ஒரே நிறம் இரண்டு இடத்தில் இருக்காது.

முகத்தைக் குறுக்காக மூன்று பட்டைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நெற்றி சற்று மஞ்சள் தட்டும். ரத்த ஓட்டம் மிகுந்த கன்னம், மூக்கு, காது சிவப்புப் பக்கம் போகும். வாயைச் சுற்றியும் தாடையிலும், முக்கியமாகச் சவரம் செய்யும் ஆண்களுக்கு, நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் தெரியும். கறுத்த தோலை வரையும்போது பழுப்போடு கறுப்பைக் கலந்து பூசுவதுதான் மிகப் பெரிய தப்பு. கறுத்த தோல் வெளிச்சத்தை அற்புதமாகப் பிரதிபலிக்கும். ஜன்னல் பக்கத்து நெற்றி மேட்டில் வானத்தின் நீலம் அப்படியே இருக்கும், தாடைக்குக் கீழே சட்டையின் நிறம் ஏறியிருக்கும். முகம் கறுத்துப்போச்சு, முகம் வெளிறிப்போச்சு, முகம் சிவந்துபோச்சு என்று நாம் பேசுவதெல்லாம் உவமை இல்லை, உள்ளபடியே நடக்கிற நிறமாற்றம். தொலைபேசியில் ஒரு செய்தி கேட்டவரின் கன்னத்தில், நான் அரை மணி முன்பு கலந்து வைத்த வண்ணம் பொருந்தாமல் போயிருக்கிறது.

நிறையக் குழாய்களும் தேவையில்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் நான்கு வண்ணங்களில் ஒரு வருடம் பழகுங்கள்: வெள்ளை, எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு. அந்தக் கறுப்போடு வெள்ளை சேர்த்தால், சிவப்புக்குப் பக்கத்தில் அது நீலமாகவே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஜோஷுவா ரெனால்ட்ஸ் பெரிய ஓவியர். ஆனால் கன்னச் சிவப்புக்கு அவர் பயன்படுத்திய கார்மைன் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. அவர் வரைந்த பல முகங்கள் இன்று ரத்தமில்லாமல் வெளுத்து நிற்கின்றன. நானும் ஒரு பாவம் செய்தேன். 27 வயதில், அவசரத்தில், எண்ணெய் அதிகம் சேர்த்த அடுக்கின்மேல் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய அடுக்கைப் பூசிவிட்டேன். மேலே உள்ளது சீக்கிரம் இறுகிவிட, கீழே உள்ளது மெதுவாக உலர்ந்து அசைய, நான்கு வருடத்தில் ஒரு வயதானவரின் கன்னம் முழுவதும் வெடித்துவிட்டது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். போட்டோவைக் கொண்டும் என் பழைய கோட்டுப்படங்களைக் கொண்டும் பணம் வாங்காமல் மறுபடி வரைந்து கொடுத்தேன். இரண்டாவது படம் முதலாவதைப்போல இல்லை என்று அவர் மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே. இதை மட்டும் மறக்காதீர்கள்.

வரையச் சொன்னவருக்கே படம் பிடிக்காமல் போனால்?
*வங்கி ஊழியர்*

போகும். அதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் முகத்தை வாழ்நாள் முழுவதும் கண்ணாடியில்தான் பார்க்கிறார். வகிடு இருக்கும் பக்கம், உயர்ந்த புருவம் எல்லாம் இடம் மாறித்தான் அவருக்குப் பழக்கம். நான் வரைவது மற்றவர்கள் பார்க்கும் முகம். மனைவியும் பிள்ளைகளும் "அப்படியே இருக்கிறது" என்பார்கள், அவர் மட்டும் "இது நானா" என்பார். அப்போது அந்த ஆணிக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து அதில் படத்தைப் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

மீதிப் பேருக்கு வயது பிடிக்காது. ஒரு நிறுவனத்தின் தலைவர் படத்தை அவர் அலுவலகத்தார் கேட்டார்கள். முகவாயில் ஒரு தழும்பு இருந்தது. சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததாம், அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். படம் போனதும் தழும்பை எடுக்கச் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து கண்ணுக்குக் கீழே உள்ள பையை, அதற்கும் பிறகு கழுத்து மடிப்பை. முதலாவதை நான் செய்தேன், இன்றுவரை வருத்தமாக இருக்கிறது. இரண்டாவதில் நிறுத்திக்கொண்டு முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன். படம் என் வீட்டில் இருக்கிறது. தழும்பை மறுபடி வரைந்துவிட்டேன்.

எவ்வளவு பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 1954-ல் சர்ச்சிலின் 80-வது பிறந்தநாளுக்காகப் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கிரஹாம் சதர்லாந்தை வரையச் சொல்லிப் பரிசளித்தன. சர்ச்சிலுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு சர்ச்சில் குடும்பமே அதை அழித்துவிட்டது. இன்று ஆயத்தப் படங்களும் போட்டோக்களும்தான் மிச்சம். சார்ஜென்ட் 1884-ல் பாரிஸில் வைத்த 'மேடம் எக்ஸ்' படத்தில் உடையின் தோள்பட்டி ஒன்று சரிந்திருந்ததற்காக ஊரே கூடித் திட்டியது. பட்டியை மேலே ஏற்றி வரைந்தார், விரைவில் லண்டனுக்கே குடிபெயர்ந்தார்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறார்களே, முகத்தைப் பார்த்தே ஒருவரின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர்*

தெரியாது, ஐயா. தெரியும் என்று நம்பி ஒருவருக்கு அநியாயம் செய்திருக்கிறேன்.

எப்போதும் புருவம் நெரித்தபடி இருப்பார் அவர். கண்டிப்பானவர், கடுகடுப்பானவர் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஒருபக்க வெளிச்சத்தில் அந்த நெரிப்பை ஆழமாக்கி வரைந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வருடம் கழித்து மூக்குக்கண்ணாடியோடு வந்தார். கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்பட்டு, பல வருடம் எதையும் இடுக்கிப் பார்த்தே பழகியவர். அது கோபமில்லை, கிட்டப்பார்வை. கண்ணாடியோடு அவருடைய நெற்றி அவ்வளவு மென்மையாக இருந்தது. முகம் காட்டுவது அந்த முகத்தை வைத்து இத்தனை வருடம் ஒருவர் என்ன செய்தார் என்பதை. காரணத்தை அது சொல்வதில்லை. அப்போதிலிருந்து நான் தீர்ப்பு எழுதுவதை விட்டுவிட்டேன்.

இதற்கு ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கஸ் எனக்கு ஆசான். 1650-ல் ரோமில் இருந்தபோது இரண்டு பேரை வரைந்தார். ஒருவர் போப் பத்தாம் இன்னசென்ட். மற்றவர் வெலாஸ்கஸின் ஓவியக்கூடத்தில் அடிமையாக வேலைசெய்த ஹுவான் தே பரேஹா. போப்பின் படத்துக்கு முன்னால் கைப்பழக்கத்துக்காகப் பரேஹாவை வரைந்தார் என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அடிமையின் முகம் தலைநிமிர்ந்து, கண் தாழ்த்தாமல் நம்மைப் பார்க்கிறது. அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர் சந்தேகத்தோடு பார்க்கிறார். யாரையும் உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை, இருந்ததை இருந்தபடி எழுதினார். அதே ஆண்டில் பரேஹாவின் விடுதலைப் பத்திரத்தில் வெலாஸ்கஸ் கையெழுத்திட்டார். பரேஹாவும் பின்னாளில் தன் பெயரில் ஓவியராக விளங்கினார். பரேஹாவை வெலாஸ்கஸ் வரைந்த அந்தப் படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு முகங்களே நினைவில் தங்குவதில்லை. நான் இந்தத் துறைக்கு வரலாமா?
*கல்லூரி மாணவர்*

தாராளமாக வாருங்கள். அமெரிக்க ஓவியர் சக் குளோஸுக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடே இருந்தது. தெரிந்தவரை நேரில் பார்த்தாலும் யாரென்று பிடிபடாது. அவர்தான் ஆளைவிட உயரமான முகங்களாக வரைந்து குவித்தார். போட்டோவில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தட்டையான பரப்புக்கு மாற்றினால் அந்த முகம் தன்னிடம் தங்கியது என்பார். 1988-ல் முதுகுத்தண்டு ரத்தக் குழாய்ப் பாதிப்பால் உடல் செயலிழந்த பிறகும், தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார். மறந்துபோகிறது என்பதாலேயே நீங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பார்ப்பீர்கள்.

உங்களை நீங்களே வரைந்ததுண்டா?
*இல்லத்தரசி*

ஆண்டுக்கு ஒன்று. யாரும் வராத மழைநாட்களில். ரெம்பிராண்ட் 40 எண்ணெய் ஓவியங்கள் அளவுக்குத் தன்னையே வரைந்தார். பட்டுத் தொப்பியோடு இருக்கும் இளைஞனிலிருந்து, திவாலாகி வீடு இழந்த பிறகு 63 வயதில், இறந்த ஆண்டான 1669-ல் வரைந்த வீங்கிய முகம்வரை. அந்தக் கடைசிப் படத்தில் தோலின்மேல் வண்ணம் அப்பியிருக்கும் விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்தத் தொழிலை மட்டும் நம்பி வாழ முடியுமா?
*மகளை ஓவியம் படிக்க வைத்திருக்கும் தந்தை*

முதல் பத்து ஆண்டு என்னால் முடியவில்லை. பகலில் பாடம் சொல்லிக் கொடுத்தேன், மாலையில் வரைந்தேன். ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துத்தான் இன்னொருவர் வருவார், அந்தச் சங்கிலி நீளச் சில வருடம் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வாங்கச் சொல்லுங்கள். எத்தனை திருத்தம் செய்வேன் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தழும்புக்குப் பிறகு நான் கற்றது அது. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள், ஆகவே வேலை வராத மாதங்களிலும் உங்கள் மகள் தினமும் ஒரு முகமாவது வரையட்டும். அவளுக்காக நீங்கள் உட்காருங்கள். அதைவிடப் பெரிய உதவி ஒரு தகப்பன் செய்ய முடியாது.

இத்தனை முகங்களை வரைந்த உங்களால் வரைய முடியாமல்போன முகம் உண்டா?
*நீண்டகால வாசகி*

என் அம்மா.

ஓவியர்கள் வீட்டாரைத்தான் அதிகம் வரைந்திருக்கிறார்கள். ரவிவர்மா 1893-ல் தன் மகளையும் பேரனையும் வைத்து வரைந்தார். மோனே, 1879-ல் மனைவி கமீல் இறந்து கிடக்கும்போது அந்த முகத்தில் மரணம் கொண்டுவரும் நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் தன் கண் தன்னையறியாமல் குறித்துக்கொண்டிருந்ததைப் பிறகு நண்பரிடம் வேதனையோடு சொன்னார். அந்தப் படத்தையும் வரைந்தார். இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்கு மனைவியைப் பார்க்கத் தெரிந்த வழி அது.

எனக்கு அம்மாவிடம் அது நடக்கவே இல்லை. ஆறு கேன்வாஸ்கள். ஆறிலும் முகவெட்டு சரி, நிறம் சரி, பார்த்தவர்கள் எல்லோரும் அம்மா என்றார்கள். ஆனால் எனக்குத் தெரியும், நான் எதிரில் இருந்தவரை வரையவில்லை. பள்ளிக்குப் போகும்போது வாசலில் நின்ற அம்மாவை வரைந்து, மேலே வயதைப் பூசியிருந்தேன். நெடுநாள் பழகிய முகத்தைக் கண் பார்ப்பதில்லை, தெரிந்ததை வைத்தே நிரப்பிக்கொள்கிறது. முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு இருந்த கவனம் பெற்றவளிடம் இல்லாமல் போனது.

போன ஆண்டு என் மாணவி ஒருத்தியை அழைத்து அம்மாவை வரையச் சொன்னேன். நான் பின்னால் நின்றுகொண்டேன். இரண்டாம் நாள் அவள் கரிக்கோலால் இடது புருவத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். முடிக்க மறந்துவிட்டாள் என்று நினைத்து வாய்திறக்கப் போனேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். புருவம் அங்கேதான் நின்றது. அதற்கு அப்பால் முடியே இல்லை, ஒரு மெல்லிய பளபளப்பு மட்டும். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ பிறப்பதற்கு முன்னாலேயே, அடுப்புத் தீ பட்டது" என்றார். எனக்கு அப்போது 58 வயது.

ஏழாவது கேன்வாஸை அந்தப் புருவத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். செவ்வாய், வெள்ளி காலைகளில் உட்காருகிறார். 20 நிமிடம் அவருக்கு முடியவில்லை, பத்துக்கு ஒருமுறை மணி வைக்கிறேன். கன்னம்வரை வந்திருக்கிறது. வாயை இன்னும் தொடவில்லை.